சாக்பீஸைக்கூட கணக்கில் எழுதியவர்: பில்டர் சொல்ற விலை நியாயமா?

உங்க போனில் ஒரு பி.டி.எஃப் வந்திருக்கும். முதல் பக்கத்தில் பச்சைப் புல்வெளியோடு ஒரு வீட்டின் படம், கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு எண். சதுர அடிக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு. அதை அப்பாவுக்கு ஃபார்வர்டு பண்ணுவீங்க. அவர் 'ரொம்ப அதிகம்'னு சொல்வார். நண்பரிடம் காட்டினால் 'இந்த ஏரியாவுக்கு இது கம்மி மச்சி'ன்னு சொல்வார். ரெண்டு பேருமே அந்த ஒரே எண்ணைத்தான் பார்த்திருப்பாங்க.

அந்த எண்ணை எப்படிப் பார்க்கணும்னு தெரிஞ்சுக்க, கொஞ்ச நேரம் 1845-ம் வருடத்துக்குப் போயிட்டு வருவோம். அமெரிக்காவில் 27 வயது இளைஞர் ஒருவர் தன் வீட்டைத் தானே கட்டினார். கட்டி முடித்ததும் ஆணி, தாழ்ப்பாள், சாக்பீஸ் என்று ஒன்றுவிடாமல் செலவுக் கணக்கு எழுதி, அதைத் தன் புத்தகத்திலேயே அச்சடித்துவிட்டார். அவர் பெயர் ஹென்றி டேவிட் தோரோ.

பெயர் கேட்ட மாதிரி இருக்கா? அநியாயமான அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று சொல்லி ஒரு ராத்திரி சிறையில் இருந்தவர். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது காந்தி படித்தார். அந்தத் தோரோவேதான்.

பென்சில் கடைப் பையன்

தோரோ பிறந்தது 1817 ஜூலை 12, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் என்ற சின்ன ஊர். அப்பாவுக்கு பென்சில் செய்யும் தொழில். வசதியான குடும்பம் கிடையாது. ஆனாலும் பையனை ஹார்வர்டுக்கு அனுப்பினார்கள். 1837-ல் பட்டம் வாங்கி வந்தவர் ஊர்ப் பள்ளியில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகளை அடிக்கச் சொன்னதால் சீக்கிரமே அந்த வேலையை விட்டுவிட்டார். பிறகு அண்ணன் ஜானோடு சேர்ந்து சொந்தமாகப் பள்ளி நடத்தினார். அதுவும் நிலைக்கவில்லை. 1842 ஜனவரியில், சவரக் கத்தியைத் தீட்டும்போது விரலில் பட்ட சின்ன வெட்டு டெட்டனஸாக மாறி ஜான் இறந்துபோனார்.

இடையில் அப்பாவின் தொழிலிலும் கை வைத்தார் தோரோ. கிராஃபைட்டோடு களிமண்ணைக் கலந்து, தங்கள் பென்சிலின் தரத்தை நன்றாக உயர்த்தினார். ஒரு பொருளுக்குள் என்ன இருக்கு, எது எவ்வளவு சேர்ந்திருக்குன்னு பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது.

1844-ல் குடும்பத்துக்குச் சொந்த வீடு கட்டியபோது நிலவறைக்குப் பள்ளம் தோண்டி, கல் பதித்தது ஹென்றிதான். அதனால் அடுத்த வருடம் தனக்கென்று ஒரு வீடு கட்டப் போனபோது, கட்டட வேலை அவருக்குப் புதுசு இல்லை.

காலையில் காலி பண்ணிட்டுப் போன குடும்பம்

ஊருக்கு வெளியே வால்டன் என்றொரு குளம். அதன் கரையில் இருந்த காட்டு நிலத்தை, தோரோவின் நண்பரும் எழுத்தாளருமான எமர்சன் வாங்கியிருந்தார். அங்கே வீடு கட்டிக்கொள்ள அனுமதியும் தந்தார். 1845 மார்ச் கடைசியில் தோரோ ஒரு கோடரியைக் கடன் வாங்கிக்கொண்டு போய், பைன் மரங்களை வெட்ட ஆரம்பித்தார்.

சட்டத்துக்கு மரம் கிடைத்துவிட்டது. பலகை வேண்டுமே? பக்கத்தில் ரயில் பாதை போட வந்திருந்த ஐரிஷ் தொழிலாளி ஜேம்ஸ் காலின்ஸ் ஒரு குடிசையில் இருந்தார். அந்தக் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்குப் பேசி முடித்தார் தோரோ. பணம் அன்று ராத்திரியே தரணும். மறுநாள் காலை 5 மணிக்கு காலின்ஸ் காலி பண்ணிவிடணும். 6 மணிக்கு வீடு தோரோவுக்கு.

இந்த இடத்தில் காலின்ஸ் ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். தரை வாடகை, விறகுக் காசு என்று யாராவது பாக்கி கேட்டு வரலாம், அதற்கு முன்னாடியே வந்துவிடுவது நல்லது என்றார். சொல்லப்போனால், இன்றைக்கு நாம போடும் வில்லங்கச் சான்றிதழின் வேலை அதுதான். விலை பேசி முடித்த சொத்தின் மேல் வேறு யாருக்காவது உரிமையோ பாக்கியோ இருக்கிறதா என்பது, விலையில் தெரியாத ஒரு செலவு.

மறுநாள் காலை வழியில் காலின்ஸ் குடும்பம் எதிரே வந்தது. படுக்கை, காபி அரைக்கும் இயந்திரம், முகம் பார்க்கும் கண்ணாடி, கோழிகள் என்று மொத்தச் சொத்தும் ஒரே மூட்டையில் கூடவே போனது. பூனை மட்டும் வரவில்லை.

தோரோவுக்குப் பலகை மலிவாகக் கிடைத்தது. அது ஏன் அவ்வளவு மலிவு என்பதற்கான பதில் அந்த மூட்டையில் இருக்கிறது. ஒரு விலை ஆச்சரியப்படும் அளவுக்குக் கம்மியாக இருந்தால், மீதியை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். ஊர் விட்டு ஊர் வந்து, சைட்டிலேயே தகரக் கொட்டகையில் தங்கி வேலை பார்க்கும் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. 'நியாயமான விலை' என்று பேசும்போது வாங்குபவரின் பர்ஸ் மட்டும் நம் நினைவுக்கு வந்தால் போதாது.

குடிசையைப் பிரித்து, ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளை வண்டியில் கொண்டுபோய் வெயிலில் காயவைத்தார். அவர் வண்டியோடு போய்வரும் நேரத்தில், பக்கத்தில் இருந்த ஒரு ஆள் நல்ல ஆணிகளை எல்லாம் எடுத்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். இந்த ஆணிக் கதையை ஞாபகம் வெச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

மே மாதத் தொடக்கத்தில் நண்பர்கள் வந்து கைகொடுக்க, வீட்டின் சட்டகம் எழுந்து நின்றது. ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்று தோரோ குடிபோனார். கணப்பும் புகைபோக்கியும் இலையுதிர் காலத்தில்தான் கட்டினார். குளிர் இறுகுவதற்குள் சுவருக்குப் பூச்சு வேலையும் முடிந்தது. அகலம் 10 அடி, நீளம் 15 அடி. மொத்தம் 150 சதுர அடி.

அந்தப் பிரபலமான பில்

இப்போ கணக்குக்கு வருவோம். தோரோ எழுதிவைத்த பட்டியல் இது:

பலகை: 8 டாலர் 3½ சென்ட்
கூரைக்கும் பக்கச் சுவருக்கும் கழிவு மர ஓடுகள்: 4 டாலர்
பூச்சுக்கு அடியில் அடிக்கும் மெல்லிய மரப்பட்டைகள்: 1 டாலர் 25 சென்ட்
கண்ணாடியோடு 2 பழைய ஜன்னல்கள்: 2 டாலர் 43 சென்ட்
1,000 பழைய செங்கல்: 4 டாலர்
2 பீப்பாய் சுண்ணாம்பு: 2 டாலர் 40 சென்ட்
சுண்ணாம்புச் சாந்தில் கலக்க முடி: 31 சென்ட்
கணப்புக்கு மேல் வைக்கும் இரும்பு: 15 சென்ட்
ஆணி: 3 டாலர் 90 சென்ட்
கீல், திருகாணி: 14 சென்ட்
தாழ்ப்பாள்: 10 சென்ட்
சாக்பீஸ்: 1 சென்ட்
வண்டிக்கூலி: 1 டாலர் 40 சென்ட்

மொத்தம்: 28 டாலர் 12½ சென்ட்.

வேணும்னா கால்குலேட்டரில் கூட்டிப் பாருங்க. சரியாக வரும்.

இதில் நாம கவனிக்க வேண்டிய விஷயங்கள் மூணு.

முதல் விஷயம், ஆணி. ஆயிரம் செங்கல் 4 டாலர், ஆணி 3 டாலர் 90 சென்ட். மொத்தச் செலவில் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு ஆணிக்கே போயிடுச்சு. அந்த ஆள் ஏன் பலகையை விட்டுவிட்டு ஆணியைத் திருடினார் என்று இப்போ புரியுதா? 'சின்னச் செலவு'ன்னு நாம ஒதுக்குற வரியில்தான் பணம் ஒளிந்திருக்கும். சிமென்ட் எந்த பிராண்டுன்னு கேட்கும் நாம், ஒயரிங், குழாய், கதவுப் பிடி, ஜன்னல் கம்பி, தண்ணீர் புகாத பூச்சு இதெல்லாம் என்ன தரம், என்ன அளவு என்று கேட்பதில்லை. 'ஸ்டாண்டர்டு ஃபிட்டிங்ஸ்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தால், அந்த வரியை உடைத்து எழுதித்தரச் சொல்லுங்க.

ரெண்டாவது, அவர் தன் தப்பையும் எழுதினார். சுண்ணாம்புக்கு விலை அதிகம் கொடுத்துவிட்டேன், முடி தேவைக்கு மேல் வாங்கிவிட்டேன் என்று அந்தந்த வரிக்குப் பக்கத்திலேயே குறிப்பு இருக்கிறது. வரிவரியாக எழுதினால்தான் எந்த வரியில் ஏமாந்தோம் என்று தெரியும். மொத்தமாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பேரம் பேசினால் பில்டரும் மொத்தமாகக் கொஞ்சம் குறைப்பார். எங்கே கைவைத்துக் குறைத்தார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. கம்பியிலா, பெயின்டிலா, தன் லாபத்திலா?

மூணாவதுதான் ரொம்ப முக்கியம்.

பில்லில் இல்லாதது என்ன?

28 டாலரை 150 சதுர அடியால் வகுத்தால், சதுர அடிக்கு 19 சென்ட்கூட வரவில்லை. ஹார்வர்டில் இதைவிடக் கொஞ்சமே பெரிய மாணவர் அறைக்கு வருட வாடகை 30 டாலர். ஒரு வருட வாடகைக்கும் குறைவாக, வாழ்நாள் முழுக்க இருக்க ஒரு வீடு! கேட்கவே சந்தோஷமாக இருக்கு, இல்லையா?

ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்க. இந்தக் கணக்கில் நிலத்தின் விலை இல்லை, அது எமர்சனுடையது. சட்டத்துக்கான மரம், கல், மணல் எல்லாம் அங்கேயே கிடைத்தவை, அவற்றுக்கும் விலை இல்லை. சட்டகம் தூக்கிய நண்பர்களுக்குக் கூலி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தோரோவின் சொந்த உழைப்புக்குக் கூலி இல்லை.

ஒரு பேச்சுக்கு அவர் முழுசாக 60 நாள் வேலை பார்த்தார்னு வெச்சுப்போம். அன்றைக்கு ஒரு கூலியாளின் சம்பளம் நாளைக்கு 1 டாலர் என்பது அவரே போட்ட கணக்கு. அதைச் சேர்த்தால் வீட்டின் விலை 88 டாலருக்கு எகிறிவிடும். சதுர அடிக்கு 59 சென்ட், அதாவது மூணு மடங்கு. நிலத்தையும் சேர்த்தால் இன்னும் மேலே போகும்.

அப்போ தோரோ நம்மை ஏமாத்திட்டாரா? இல்லை. எதையெல்லாம் சேர்க்கவில்லை என்பதையும் அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நியாயமான பில் என்பதற்கு அதுதான் அடையாளம். உள்ளே என்ன இருக்கு, வெளியே என்ன இருக்கு, ரெண்டும் தெரியணும். பில் தொகை சின்னதா பெரிசா என்பது அதற்கு அப்புறம்.

உங்க கொட்டேஷனிலும் இதே கேள்வியைக் கேளுங்க. சதுர அடி என்று சொல்வது எந்தச் சதுர அடி? கதவைத் திறந்து உள்ளே போனால் நீங்க நடக்கும் கார்ப்பெட் ஏரியாவா, படிக்கட்டும் லிஃப்ட்டும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் ஏரியாவா? மொத்த விலையைக் கார்ப்பெட் ஏரியாவால் வகுத்தால்தான் ரெண்டு பில்டர்களை ஒப்பிட முடியும். நிலத்தில் உங்க பிரிக்கப்படாத பாகம் எவ்வளவு? பதிவுச் செலவு, கார் பார்க்கிங், மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, பராமரிப்பு முன்பணம் எல்லாம் விலைக்குள்ளா, வெளியேவா? கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட் என்றால் ஜி.எஸ்.டி உண்டு. முடிப்புச் சான்றிதழ் வாங்கிய பிறகு விற்றால் கிடையாது. சொந்த மனையில் கட்டுகிறீர்கள் என்றால் காம்பவுண்டு சுவர், செப்டிக் டேங்க், சம்ப், போர்வெல் இதெல்லாம் யார் கணக்கு?

இதையெல்லாம் கேட்ட பிறகு, அதிகம்னு நினைத்த விலை நியாயமாகத் தெரியலாம். கம்மின்னு குதித்த விலை கையைக் கடிக்கவும் செய்யலாம்.

ஆழம் பார்த்தவர்

வால்டன் குளத்துக்கு அடியே கிடையாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. யாரும் சரியாக அளந்து பார்த்ததில்லை, எல்லோரும் சொன்னார்கள், அவ்வளவுதான். 1846-ன் ஆரம்பத்தில், குளம் உறைந்திருந்தபோது, தோரோ ஒரு கயிற்றின் முனையில் கல்லைக் கட்டி இறக்கினார். ரொம்ப ஆழமான இடத்தில் 102 அடி. கதை முடிந்தது.

வீட்டு விலை விஷயத்திலும் 'அந்த ஏரியாவில் அப்படித்தான்', 'இப்போ விட்டா கிடைக்காது' மாதிரி அடியில்லாத குளங்கள் நிறைய உண்டு. கயிறு நம்ம கையில்தான் இருக்கு. அதே தெருவில் சமீபத்தில் பதிவான விலை என்ன, அரசு வழிகாட்டி மதிப்பு என்ன, அந்த பில்டர் முன்பு கட்டிய வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? பில்டரோடு சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினீயரிடம் காசு கொடுத்து எஸ்டிமேட் போடச் சொன்னால் எவ்வளவு வருகிறது? மொத்த விலையோடு ஒப்பிட்டால் அந்த ஃபீஸ் ஒரு ஆணிச் செலவுகூட இருக்காது.

அவரும் ஒருமுறை மாட்டினார்

இரண்டு வருடம், இரண்டு மாதம், இரண்டு நாள் அந்த வீட்டில் இருந்துவிட்டு 1847 செப்டம்பர் 6 அன்று வெளியேறினார் தோரோ. வீடு எமர்சன் கைக்குப் போனது. பிறகு ஒரு பண்ணைக்கு நகர்த்தப்பட்டு, தானியம் வைக்கும் இடமாகி, கடைசியில் பிரித்துப் போடப்பட்டது.

இவ்வளவு கறாராகக் கணக்கு எழுதியவர் ஓர் ஒப்பந்தத்தில் வசமாகச் சிக்கினார். 1849-ல் வந்த அவருடைய முதல் புத்தகம், விற்காவிட்டால் அச்சுச் செலவு எழுதியவர் தலையில் என்ற ஏற்பாட்டில் வெளியானது. அச்சடித்தது 1,000 பிரதிகள். 1853-ல் அதில் 706 பிரதிகள் அவர் வீட்டுக்கே திரும்பி வந்தன. எல்லாவற்றையும் அவரே மாடிக்குச் சுமந்து போய் அடுக்கினார். அவர் கட்டவேண்டி வந்த தொகை 290 டாலர். வால்டன் மாதிரி பத்து வீடு கட்டியிருக்கலாம்!

விலை சரியாக இருந்தாலும் ஷரத்து தப்பாக இருந்தால் போச்சு. வீடு வாங்கும்போதும் அப்படித்தான். தாமதமானால் யார் பொறுப்பு? பாதியில் சிமென்ட் விலை ஏறினால் யார் தலையில்? எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு பணம்? ரெரா சட்டத்தில் பதிவான திட்டம் என்றால், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த 5 வருடங்களுக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்தால் பில்டர் கூடுதல் காசு வாங்காமல் சரிசெய்து தரணும். ரெண்டும் சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை.

கடனை அடைக்கத் தோரோவுக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று நில அளவை வேலை. ஊர்க்காரர்களின் காடு, வயல், எல்லைக்கோடு எல்லாவற்றையும் அளந்து கொடுத்தார். அவர் வரைந்த வரைபடங்கள் இன்றும் கான்கார்ட் நூலகத்தில் இருக்கின்றன. வீட்டுக் கணக்கு இடம்பெற்ற 'வால்டன்' 1854 ஆகஸ்ட்டில் வெளியானது. காசநோயால் 1862 மே 6 அன்று, 44 வயதில் இறந்தார்.

விலையை நாளாக மாற்றுங்க

அவர் போட்ட கணக்குகளில் இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. அன்று அந்த ஊரில் சராசரி வீட்டின் விலை சுமார் 800 டாலர். குடும்பச் சுமை இல்லாத ஒரு கூலியாள் அவ்வளவு சேர்க்கவே 10 முதல் 15 வருடம் ஆகும் என்று எழுதினார். அதாவது வீட்டின் உண்மையான விலை டாலரில் இல்லை, அதற்காக நாம கொடுக்கும் வாழ்நாளில் இருக்கு. கடன் இல்லாமல் பண்ணை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஊரில் வரி மதிப்பிடும் அதிகாரிகளிடமே விசாரித்தார். அவர்களால் 12 பேரைக்கூட சொல்ல முடியவில்லை.

அதுக்காக நீங்களும் கோடரியைத் தூக்கிக்கிட்டு ஏரிக்கரைக்குப் போகணும்னு இல்லை. அவர் தனி ஆள், நிலம் ஓசி, ஊரில் அம்மா அப்பா வீடு பக்கத்திலேயே இருந்தது. நமக்கு அப்படி இல்லை.

ஆனால் அந்த பி.டி.எஃப்-பை இன்னொரு முறை திறந்து, ஒரு பேப்பரை எடுத்து, மூணு வேலை மட்டும் செய்யுங்க. மொத்தத்தை வரிவரியாக உடைத்து எழுதுங்க. வரியில் இல்லாததைத் தனியாக எழுதுங்க. கடைசியில், வட்டியோடு சேர்த்து நீங்க கட்டப்போகும் மொத்தத் தொகையை உங்க ஒரு மாத மிச்சத்தால் வகுத்து, எத்தனை மாத வாழ்க்கை என்று பாருங்க.

அந்த மாதங்களை மனசாரக் கொடுக்கலாம்னு தோணினால், விலை உங்களுக்கு நியாயமானது. தோணலைன்னா, பில்டரிடம் போய் முதல் வரியிலிருந்து பேச்சைத் தொடங்குங்க. ஒரு சென்ட் சாக்பீஸ் வரைக்கும் கேளுங்க. கேட்கிறதுக்கு வெட்கமே படாதீங்க, அதைக் கட்டப்போறது நீங்கதான்.